பாதியாய்ச் சுண்டிய தண்ணீர்

ஸ்ரீரங்கம்,
3 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அனு எழுதுறேன். நாங்க மூணு பேரும் இருக்கோம். 'நல்லா இருக்கோம்'னு எழுத வந்து 'நல்லா'வை விட்டுட்டேன், பயப்படாதே, தூக்கம் இல்லாததுதான். நீ எப்படி இருக்கே? வாந்தி நின்னுதா? அஞ்சாம் மாசம்னு மாமா போன்ல சொன்னப்ப அடுப்படியிலேயே நின்னு அழுதேன். சந்தோஷத்துலதான்.

நீ இன்னும் போனை அரிசி டிரம்முக்குள்ளேதான் வச்சிருக்கியாமே. யாழினிப் பாப்பா போனப்ப ஊரே போன்ல துக்கம் விசாரிச்சு உன்னைப் பாடாப்படுத்துச்சு, உன்மேல தப்பில்லை. நீ கேட்டபடி கடிதாசியே எழுதுறேன். காலேஜ் முடிச்ச பிறகு நான் பேனா பிடிச்சதே இல்லை, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நவநீதனுக்கு மூணு மாசம் முடிஞ்சுது. எனக்குத்தான் பால் போதலை. பால் மாவுதான் முக்கால்வாசி. இங்கே கொள்ளிடம் வறண்டு கிடக்கு. பால்கனியில நின்னா மணல் தெரியும்னு சொல்லித்தான் இந்த ஃபிளாட்டை வாங்கினோம். இப்ப மணல்கூட இல்லை, அள்ளின குழியும் கருவேலமும்தான். கார்ப்பரேஷன் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள். மத்ததுக்கெல்லாம் போர் தண்ணி. போரை இன்னும் ஆழமா இறக்கியிருக்காங்க. சுத்தி புதுசா வீடுங்க, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். எனக்கு என்னமோ அந்தத் தண்ணியே பிடிக்கலை. செக்ரெட்டரி பீமராவ் சார்கிட்ட கேட்டா, "கண்ணாடி மாதிரி இருக்கேம்மா, இதைவிட என்ன வேணும்?"ங்கிறார்.

நாங்க ரெண்டு பேரும் பில்டர் தண்ணிதான் குடிக்கிறோம். ஆனா பில்டர்ல சத்தெல்லாம் போயிடும், பச்சைப் பிள்ளைக்கு ஆகாதுன்னு எங்கேயோ படிச்சேன். அதனால அவனுக்கு மட்டும் தனியா, பிரசவத்தப்ப நீ வந்து சொல்லிக் கொடுத்த மாதிரி, போர் தண்ணியைப் பாதியாச் சுண்டக் காய்ச்சி வடிகட்டித் தர்றேன். சரிதானே?

பத்திரமா இரு. படி ஏறாதே.

உன் அன்புத் தங்கை,
அனுசுயா

*

கொன்னைக்கரை,
14 மார்ச்

அனுவுக்கு அக்கா எழுதிக்கொள்வது.

இங்கே நாங்க சுகம். உன் வீட்டுக்காரர், நவநீதன் எல்லாரும் சுகமா இருக்கணும். உன் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு, உன் மாமா வாங்கிப் பார்த்துட்டு "டாக்டருக்குப் படிச்சிருக்கலாமே உன் தங்கச்சி"ன்னார். ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சேன்.

நீ செய்யிறது சரி. பாதியாச் சுண்டணும், அதுக்கு மேலே இருந்தா தப்பு. நானும் யாழினிக்கு அப்படித்தான் செஞ்சேன். டேங்க் தண்ணியில பிளீச்சிங் வாடை அடிக்குதுன்னு வாழைக் கொல்லை மோட்டார் தண்ணியைத்தான் கொண்டாந்து காய்ச்சுவேன். ஒரே ஒருநாள் கேஸ் தீர்ந்துபோச்சு. விறகு ஈரம். பாதிக்குச் சுண்டலை, அப்படியே கலக்கிக் கொடுத்துட்டேன். அதுக்கு அடுத்த வாரம்தான் அவளுக்கு உடம்பு நிறம் மாறினது. யார்கிட்டேயும் இதைச் சொன்னதில்லை, உன் மாமாவுக்கு மட்டும் தெரியும். டாக்டர் இருதயத்துல ஏதோன்னார். பூசாரி வேற ஏதோ சொன்னார். எனக்குத் தெரியும், அந்த ஒருநாள் தண்ணிதான்.

அதனால இந்தத் தடவை தயாரா இருக்கேன். எனக்குப் பால் வந்தா சரி. போன தடவை மாதிரி காய்ச்சல் வந்து நின்னுபோச்சுன்னா, பாதி இல்லை, கால் பங்கா ஆகுறவரைக்கும் காய்ச்சப் போறேன். ரெண்டு சிலிண்டர் சேர்த்து வச்சிருக்கேன். புதுசா அடிகனமா ஒரு பாத்திரமும் வாங்கியாச்சு.

பிள்ளையைக் கேட்டதாச் சொல்லு. எனக்கு அவனைத் தூக்கத்தான் கை வரலை, மனசு வராம இல்லை.

ரஞ்சனி

*

ஸ்ரீரங்கம்,
11 ஏப்ரல்

அன்புள்ள அக்கா,

நலம் கேட்டு எழுதுறேன். உனக்கு ஆறாம் மாசம், வெயில்ல வெளியே அலையாதே.

நவநீதன் ஒரு வாரமாச் சரியில்லை. ஜுரம் இல்லை. இருமல் இல்லை. ஆனா சோர்ந்து கிடக்கான். பாலைக் குடிச்சதும் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகுது. உதட்டைச் சுத்தி ஒரு நிறம், எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. தெருமுனை டாக்டர் பார்த்துட்டு, "வெயில்மா, தண்ணி நிறையக் கொடுங்க"ன்னார். கொடுக்கிறேன். எங்க வீட்டுக்காரர் ஆபீஸ் போறப்ப, "நீ பார்க்கிற பார்வையிலேயே பிள்ளை வெளுத்துடுவான் அனு"ன்னு கிண்டல் பண்ணிட்டுப் போறார். நான் சும்மாவே பயப்படுறவளாம்.

இருக்கலாம். பக்கத்து ஃபிளாட் அம்மா, "கறுப்பா இருக்கான், அவ்வளவுதான்"னாங்க. என் பிள்ளை நிறம் எனக்குத் தெரியாதா?

இன்னும் கொஞ்சம் நேரம் கூடக் காய்ச்சுறேன். அடியில வெள்ளையாப் படியுது, அதைத் தேய்ச்சுக் கழுவிடுறேன். நீ என்ன நினைக்கிறே? மாமாகிட்ட கேட்காதே, பயந்துடுவார்.

அனு

*

13 ஏப்ரல்

அனு,

நலம் விசாரிக்க நேரமில்லை. உன் கடிதாசி இப்பத்தான் கைக்கு வந்தது. போனை எடுத்துப் பார்த்தேன், செத்துக் கிடக்கு. மாமா போன்ல கூப்பிட்டோம், நீ எடுக்கலை. இதைக் கையில கொடுத்து அவரையே வண்டியில அனுப்புறேன்.

அந்த நிறம் நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கா? நகத்தடியிலேயும் இருக்கா? இருந்தா தெருமுனை டாக்டரெல்லாம் வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே தூக்கிட்டு ஓடு. வெயில்னு எனக்கும்தான் சொன்னாங்க. நான் ரெண்டு நாள் நம்பினேன்.

புடவை மாத்தாதே. பை எடுக்காதே. மாமா வண்டியிலேயே ஏறு.

அக்கா

*

ஸ்ரீரங்கம்,
29 ஏப்ரல்

வணக்கத்துக்குரிய மாமாவுக்கு,

அனுசுயா எழுதுறேன். நவநீதன் பிழைச்சுட்டான். அன்னைக்கு நீங்க ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுட்டு வண்டியை நிறுத்தப் போனப்பவே அவனை உள்ளே எடுத்துட்டுப் போயிட்டாங்க. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகுது. பழைய நிறம் வந்துடுச்சு.

இதை வீட்டு விலாசத்துக்கு எழுதாம அப்துல் அஹத் பாய் மண்டிக்கு எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. வாழைத்தார் போட வர்றப்ப உங்க கையில மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கேன். போன்ல பேசினா அக்கா பக்கத்துல இருப்பா. எனக்கும் வாயால சொல்ல வரலை.

மாமா, அவனுக்கு ரத்தம் எடுத்தாங்க. சிவப்பா இல்லை, சாக்லேட் நிறத்துல இருந்துச்சு. ஆக்சிஜன் வச்சும் உதடு மாறலை. டாக்டரம்மா பார்த்தவுடனே, "என்ன தண்ணியில பால் கலக்குறே?"ன்னு கேட்டாங்க. போர் தண்ணியைச் சோதிக்கச் சொன்னாங்க. நைட்ரேட் ஏகத்துக்கும் இருக்கு. வயலுக்குப் போடுற யூரியா, செப்டிக் டேங்க் கசிவு எல்லாம் நிலத்துக்குள்ளே இறங்கி அப்படி ஆகுதாம். ஆத்துல தண்ணி ஓடுறப்ப ஊறி ஊறிக் கொஞ்சம் நீர்த்துப்போகும், ஆறு காய்ஞ்சா அப்படியே நிக்குமாம். பெரியவங்களை அது ஒண்ணும் பண்றதில்லை. ஆறு மாசத்துக்குள்ளே இருக்கிற பிள்ளைங்க ரத்தத்தைக் கெடுத்துடுமாம்.

நான் சொன்னேன், "நல்லாச் சுண்டக் காய்ச்சித்தான் டாக்டர் கொடுக்கிறேன்"னு. அவங்க பேனாவைக் கீழே வச்சுட்டாங்க. கிருமிதான் கொதிச்சாச் சாகும்னாங்க. இது உப்பு மாதிரி. தண்ணி ஆவியாப் போகப் போக, இருக்கிற தண்ணியில இது கூடும். பாதியாச் சுண்டினா ரெண்டு மடங்கு. எங்களுக்கு நல்ல தண்ணி, அவனுக்கு மட்டும் பார்த்துப் பார்த்து விஷம்.

நான் என்னைப் பத்திச் சொல்ல இதை எழுதலை. உங்களுக்கே புரிஞ்சிருக்கும். யாழினிக்கும் அதே நிறம். அதே தண்ணி முறை. வாழைக் கொல்லைக்கு நடுவுல இருக்கிற மோட்டார். அக்கா இப்ப கால் பங்காச் சுண்ட வைப்பேங்கிறா. சொல்லாம விட்டா இந்தப் பிள்ளையும் போயிடும். சொன்னா, யாழினிக்குத் தன் கையாலதான் கொடுத்தோம்னு அவளுக்குத் தெரிஞ்சுபோகும். வயித்துல ஒண்ணை வச்சுக்கிட்டு அவ அதை எப்படித் தாங்குவா? நீங்கதான் சொல்லணும், நான் என்ன செய்யட்டும்?

அனுசுயா

*

கொன்னைக்கரை,
9 மே

அனுசுயாவுக்கு வீரமலை எழுதியது. பிள்ளை சுகம்னு தெரிஞ்சு நிம்மதி.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. அவகிட்ட சொல்ல வேண்டாம்மா. இப்ப வேண்டாம். போன வருஷம் அவளைக் கிணத்து மேட்டுலேர்ந்து ரெண்டு தடவை கூட்டிட்டு வந்திருக்கேன், உனக்கு அது தெரியாது.

கேன் தண்ணிக்குச் சொல்லிட்டேன், லால்குடியிலேர்ந்து வருது. ஆத்துத் தண்ணிதான், நானே கேட்டுட்டேன். மோட்டார் ரூம் சாவி இனி என் இடுப்புல இருக்கும். பிரசவம் ஆகட்டும். பிறகு பார்த்துக்கலாம்.

யூரியா பத்தி எழுதியிருந்தே. வாழைக்கு அது போடாம தார் இறங்காது. எல்லாரும் போடுறதுதான். தார் சின்னதா இருந்தா மண்டியில தள்ளி வச்சுடுவாங்க. நான் என்ன செய்ய?

பத்து நாளா எனக்குச் சோறு இறங்கலை. அவ மசக்கை எனக்குத் தொத்திக்கிச்சுன்னு கேலி பண்றா.

வீரமலை

*

ஸ்ரீரங்கம்,
22 மே

அன்புள்ள அக்கா,

உன் கடிதாசிதான் நவநீதனைக் காப்பாத்துச்சு. இதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். இப்ப கொழுகொழுன்னு ஆயிட்டான். உன்னை மாதிரியே முறைக்கிறான்.

என்ன நோவுன்னு மாமா மூலமாக் கேட்டிருந்தே. ஏதோ இன்பெக்‌ஷன்தான். மருந்து ஏத்தினாங்க, சரியாயிடுச்சு. டாக்டரம்மா ஒண்ணு சொன்னாங்க, இப்பல்லாம் தண்ணியைச் சுண்டக் காய்ச்சுற பழக்கம் இல்லையாம். ஒரு கொதி வந்தாப் போதுமாம். அதுவும் கேன் தண்ணிதான் நல்லதாம். மாமா வாங்குறாரே, அதையே வச்சுக்கோ. மோட்டார் தண்ணி வேண்டாம். சும்மா ஒரு எச்சரிக்கைக்குத்தான்.

எல்லாத்துக்கும் மேலே, தாய்ப்பாலே கொடுக்கப் பாரு. பூண்டு சாப்பிடு. பால் சுறா கிடைச்சா வாங்கிப் புட்டு பண்ணு. வேற ஒண்ணுமில்லை. இங்கே மழை வர்ற மாதிரி இருட்டிட்டு, அப்படியே கலைஞ்சு போயிடுச்சு.

அனு

*

கொன்னைக்கரை,
19 ஜூன்

அனுவுக்கு,

எல்லாரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்கணும். எட்டாம் மாசம், கால் வீங்கிக் கிடக்கு. எழுதறதுக்கு நாளாயிடுச்சு.

உன் கடிதாசியை ரெண்டு மூணு தடவை படிச்சேன். நீ எப்பவும் ஒண்ணை நூறாச் சொல்றவ. பிள்ளை சாகப் பிழைக்கக் கிடந்ததை 'ஏதோ இன்பெக்‌ஷன்'னு ஒரே வரியில முடிச்சிருக்கே. இன்பெக்‌ஷன்னா கிருமிதானே? கிருமின்னா நல்லாக் காய்ச்சணும்தானே? பிறகு எதுக்கு காய்ச்சாதேங்கிறே? உன் மாமாவைக் கேட்டா மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போயிடுறார். மோட்டார் ரூமைப் பூட்டி வச்சிருக்கார், குழாய் ரிப்பேராம்.

கேன் தண்ணி பிளாஸ்டிக் வாடை. எனக்கு நம்பிக்கை இல்லை. அதையும் காய்ச்சிப் பழகிக்கிட்டிருக்கேன்.

பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா மருமகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு, மருமக பேரு அறிவுமதி, லால்குடிப் பொண்ணு, ஒண்ணும் தெரியாது. "அக்கா, அக்கா"ன்னு என்னையே சுத்தி வரும். பால் கட்டிக்கிட்டு ஜுரம் வந்து, பால் மாவுக்கு மாறிட்டா. தண்ணியை லேசாச் சூடு காட்டிட்டுக் கலக்கினா, நான் விடுவேனா? என் பாத்திரத்தையே கொண்டுபோய்க் கொடுத்துட்டேன். பாதிக்குச் சுண்டுறவரைக்கும் கூடவே நின்னு காட்டினேன். அவங்க கொல்லையிலேயும் மோட்டார் தண்ணிதான், தெளிவா இருக்கும். ஒரு பிள்ளையாவது என் கையால ஒழுங்கா வளரட்டுமே.

ரஞ்சனி

*

ஸ்ரீரங்கம்,
22 ஜூன்

அன்புள்ள அக்கா,

நலமா? இதை உடனே படி. அறிவுமதிகிட்ட தண்ணியைச் சுண்டக் காய்ச்ச வேண்டாம்னு சொல்லு. கால் மணி நேரம்கூட யோசிக்காதே, சொல்லு. மோட்டார் தண்ணியே வேண்டாம். கேன் தண்ணி வாங்கட்டும், நான்கூட உதவி பண்றேன். ஏன்னு இப்ப கேட்காதே. உனக்குப் பிரசவம் ஆனதும் நேர்ல வந்து சொல்றேன். மாமாவுக்கும் போன் பண்ணிட்டேன், அவரும் மாரியாயி அக்கா வீட்டுல சொல்றேன்னிருக்கார்.

மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டு இதை எழுதுறேன். என்னை நம்பு. சின்ன வயசுல கண்ணை மூடிக்கிட்டு என் கையைப் பிடிச்சுக்கோன்னு நீ சொல்லுவே, நான் பிடிச்சுக்குவேன்ல, அந்த மாதிரி.

அனு

*

ஸ்ரீரங்கம்,
2 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

இதோட மூணாவது கடிதாசி. ஒண்ணுக்கும் பதில் இல்லை. பொண்ணு பிறந்திருக்குன்னு மாமா சொன்னார். உடம்பு எப்படி இருக்கு? பால் வருதா? மாமா "வருது, வருது"ங்கிறார், வேற எதைக் கேட்டாலும் போனை வச்சிடுறார். நேர்ல வரட்டுமான்னு கேட்டா, "இப்ப வேண்டாம்மா, அவ வேண்டாங்கிறா"ங்கிறார்.

கொள்ளிடத்துல வெள்ளம். ரெண்டு கரையும் முட்டிக்கிட்டு, செம்மண் நிறத்துல, மரமெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போகுது. ஊரே பாலத்துல நின்னு போட்டோ எடுக்குது. பீமராவ் சார், "பார்த்தியாம்மா, தண்ணி வந்துடுச்சு"ன்னு சந்தோஷமாச் சொல்றார். போர் தண்ணியை மறுபடி சோதிச்சேன். கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு.

ஒரு வரி எழுது அக்கா. திட்டியாவது எழுது.

அனு

*

கொன்னைக்கரை,
20 ஆகஸ்ட்

அனுவுக்கு அக்கா எழுதுவது.

நான் நல்லா இருக்கேன். பிள்ளையும் நல்லா இருக்கா. பால் நிறைய வருது. உன் வீட்டுக்காரரையும் நவநீதனையும் கேட்டதாச் சொல்லு.

ஜூன் மாசம் நீ எழுதினது கிடைச்சுது. படிச்சுட்டு அறிவுமதி வீட்டுக்குப் போனேன். "தங்கச்சி வேண்டாங்கிறா"ன்னேன். மாரியாயி அக்கா, "ஏனாம்?"னாங்க. தெரியலைன்னேன். அதுக்கு முன்னாடி உன் மாமாவும் போய்ச் சொல்லியிருக்கார், ஏன்னு கேட்டதுக்கு அவரும் முழுங்கியிருக்கார். "உங்களுக்குக் கேன் வாங்க வாழை இருக்கு, எங்களுக்கு எங்கே? போன வாரம் காய்ச்சச் சொல்லிப் பாத்திரம் கொடுத்தது நீதானே?"ன்னு அக்கா சிரிச்சாங்க. காரணம் சொல்லாத பேச்சு யார் காதுல ஏறும்? எனக்கே ஏறலை. நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன்.

ஜூலை முதல் வாரம் அறிவுமதி பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தா. பார்த்தவுடனே தெரிஞ்சுது. ஒன்பது மாச வயித்தோட நானும் ஆம்புலன்ஸ்ல ஏறினேன். உனக்குச் சொன்ன அதே பெரிய ஆஸ்பத்திரிதான். ஆனா உனக்கு இருந்த நேரம் அவளுக்கு இல்லை, பிள்ளை தங்கலை.

பிறகு டாக்டர் வெளியே வந்து அவளை உட்கார வச்சுப் பொறுமையாச் சொன்னார். காய்ச்சக் காய்ச்ச அது கூடும்மான்னார். "யாரும்மா உனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?"ன்னு கேட்டார். அறிவுமதி திரும்பி என்னைப் பார்த்தா.

அந்த நேரத்துல யாழினியும் எனக்கு விளங்கிட்டா. ஒருநாள் இல்லை, எல்லா நாளும். அந்த ஒருநாள்தான் அவளுக்கு நான் கொஞ்சமாவது குறைச்சுக் கொடுத்த நாள்.

வீட்டுக்கு வந்து உன் மாமாவைக் கேட்டேன். மண்டிக்கு வந்த உன் கடிதாசியை எடுத்துக் கொடுத்தார். ஏப்ரல் மாசத் தேதி. என்னைக் காப்பாத்தத்தான் ரெண்டு பேரும் மறைச்சீங்க, தெரியுது. நானும் பிழைச்சேன். அறிவுமதி பிள்ளை உங்க கணக்குல வரலை. நீ சொல்லியிருந்தா நான் உன் மேலே விழுந்து அழுதிருப்பேன், உன்னை அடிச்சிருப்பேன், ஆனா உயிரோட இருந்திருப்பேன் அனு. அறிவுமதிகிட்ட நடந்து போய்ச் சொல்லியிருப்பேன். எனக்கு அவ்வளவு தெம்பு இருக்கும்னு உங்க ரெண்டு பேருக்கும் தோணலை பாரு.

உன் மேலே கோபம் இருக்கு. போகுமான்னு தெரியாது. அதுவரைக்கும் வராதே.

இந்த ஊர்ல இன்னும் ரெண்டு பேர் மாசமா இருக்காங்க, கைப்பிள்ளைக்காரி நாலஞ்சு பேர். எல்லா வீட்டுலேயும் மோட்டார் தண்ணி. பிரசவம் ஆகித் தலைக்குக் குளிச்சு எழுந்ததும் நான் வீடு வீடாப் போக ஆரம்பிச்சுட்டேன். முதல் வீட்டுல, "தண்ணி சரியில்லையாம், சுண்டக் காய்ச்சாதே"ன்னேன். "அப்படியா"ன்னு தலையாட்டிட்டு, நான் வாசல் இறங்குறதுக்குள்ளே அடுப்பை மூட்டிட்டா. திரும்பிப் போய், "என் பொண்ணு இதுலதான் போனா, நான்தான் காய்ச்சிக் கொடுத்தேன்"னேன். அதுக்கப்புறம்தான் அணைச்சா. அதைச் சொல்லாம யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. அதனால ஒவ்வொரு வீட்டுலேயும் சொல்றேன்.

உன் மாமா இந்தப் பட்டத்துக்கும் யூரியா மூட்டை இறக்கிட்டார்.

நேத்து கீழத் தெருவுக்குக் கிளம்பினேன். அறிவுமதி தன் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த பிறகு என்கூட ஒரு வார்த்தை பேசினதில்லை. செருப்பை மாட்டிக்கிட்டுப் பின்னாடியே வந்தா. அந்த வீட்டுல நான் வழக்கமாச் சொல்றதைச் சொல்லி முடிச்சேன். அந்தப் பொண்ணு என்னை நம்பலாமா வேண்டாமான்னு பார்த்துக்கிட்டிருந்தா.

அறிவுமதி தலையைத் தூக்காம, "எனக்கும்"னா.

ரஞ்சனி